எல்லாவற்றுக்கும் இரண்டு விலை

டார்ஜிலிங் தேயிலையையும் கென்யா தேயிலையையும் பிரித்துச் சொல்ல என்னைப் போல இந்தத் தொழிலிலேயே கிடந்து ஊறியிருக்க வேண்டியதில்லை. டார்ஜிலிங் நீள இலை. சாறு வெளிர் மஞ்சளாக இறங்கும், மூக்குக்குப் பூவாசம் வரும். கென்யாவிலிருந்து வருவது பெரும்பாலும் சிடிசி, இயந்திரத்தில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டியது. குருணை குருணையாக இருக்கும், வெந்நீர் பட்ட நொடியில் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். பொட்டலத்தின் ஒரு மூலையைக் கிழித்துப் பார்த்தால் போதும், குடித்துப் பார்க்கக்கூடத் தேவையில்லை.

2023 டிசம்பரில் ஈரான் அரசின் ஆய்வு அமைப்பு ஒரு விஷயத்தை வெளியிட்டது. ஒரு தேயிலை நிறுவனம் 2019 முதல் 2022 வரை தேயிலையும் இயந்திரங்களும் இறக்குமதி செய்கிறேன் என்று சொல்லி, அரசிடமிருந்து சலுகை விலையில் 337 கோடி டாலர் வாங்கியிருக்கிறது. அதில் ஒரு பகுதியை வெளிச்சந்தையில் விற்றுவிட்டது. கிலோ 14 டாலர் டார்ஜிலிங் என்று பதிந்துவிட்டு, கிலோ 2 டாலர் கென்யாவை இறக்கியிருக்கிறது. 2024-ல் முன்னாள் அமைச்சர்கள் இருவருக்குச் சிறைத் தண்டனை விதித்தார்கள்.

திருட்டு எனக்கு ஆச்சரியமில்லை. ஒரு சரக்கு பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில் இறங்கி டெஹ்ரான் வந்து சேர்வதற்குள் எத்தனை மேசைகளைத் தாண்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். சுங்கம், தரச் சோதனை, உணவுச் சோதனை, டாலர் ஒதுக்கும் வங்கி. இத்தனை மேசையிலும் ஒருவர்கூடவா மூலையைக் கிழித்துப் பார்க்கவில்லை? டார்ஜிலிங் மலை முழுக்க அப்போது விளைந்ததே வருஷத்துக்கு ஏறக்குறைய 70 லட்சம் கிலோ. ஈரானியர்கள் குடிப்பது சுமார் 10 கோடி கிலோ. கணக்கு தெரிந்த யாரும் பேப்பரைப் பார்த்தே சிரித்திருக்க வேண்டும். சிரித்தும் இருப்பார்கள். சிரித்துக்கொண்டே முத்திரை குத்தியிருப்பார்கள்.

நான் குன்னூர்க்காரன். ஏலத்துக்கு வரும் தேயிலையை உறிஞ்சித் துப்பி விலை சொல்லும் வேலையில் ஆரம்பித்து, ஆர்த்தடாக்ஸ் என்கிற நீள இலைத் தேயிலையை ஈரானுக்கு அனுப்பும் வியாபாரத்துக்குள் போய், டெஹ்ரானில் சில வருஷம் குடியிருந்தேன். ஈரான் மேல் வந்த 2012 அமெரிக்கத் தடைகளுக்குப் பிறகு, ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான காசை இந்தியா ரூபாயாக யூகோ வங்கியில் போட்டு வைக்க, அந்த ரூபாயில் ஈரான் நம்மிடம் அரிசியும் தேயிலையும் வாங்கிய காலம் அது. ஊருக்குத் திரும்பியதிலிருந்து எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "அங்க எல்லாரும் வாய் கூசாம பொய் சொல்வாங்களாமே?"

ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில், தஆரொஃப் என்கிற உபசாரப் பேச்சு. கடையில் காசு நீட்டினால் "காபெல் நதாரே" என்பார், அதெல்லாம் வேண்டாம், உங்களுக்கு இது பெரிதா என்கிற மாதிரி. நீங்கள் வற்புறுத்த வேண்டும், அவர் மறுக்க வேண்டும், அப்புறம் முழுக் காசையும் வாங்கிக்கொள்வார். ஈரான் பற்றிய எல்லாப் பயணக் கட்டுரையிலும் இதுதான் வரும், கூடவே "இந்தப் போலி உபசாரத்தில்தான் பொய் தொடங்குகிறது" என்று ஒரு ஞானமும் வரும். எனக்கு இதில் உடன்பாடில்லை. இரண்டு பேருக்கும் விதி தெரிந்த ஆட்டத்தில் ஏமாறுகிறவர் யாரும் இல்லை. என் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தவர் என்னை முதல் நாளிலிருந்து "மொஹந்தஸ்" என்றுதான் கூப்பிட்டார், அதாவது எஞ்சினியர். நான் படித்தது பி.காம். சட்டை இஸ்திரி போட்டிருந்தால் அங்கே எல்லோரும் மொஹந்தஸ், கண்ணாடியும் போட்டிருந்தால் டாக்டர். யாருக்கு என்ன நஷ்டம்?

அடுத்தது, "அது அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது" என்கிற பேச்சு. இதைத் தெருவில் போகிறவர் மட்டும் சொல்வதில்லை. 2013 அக்டோபரில் அமெரிக்காவின் அணுப் பேச்சுவார்த்தையாளர் வெண்டி ஷெர்மன், செனட் குழு முன்னால், ஏமாற்றுவது அவர்களின் மரபணுவிலேயே இருக்கிறது என்கிற பொருளில் பேசினார். டெஹ்ரானில் அன்றைக்கு எல்லோருக்கும் கோபம். ஆட்சியைத் தினமும் திட்டுகிறவர்கள்கூடக் கொதித்தார்கள். ரத்தம்தான் காரணம் என்றால் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஏன் வேறு மாதிரி எழுதினார்? பாரசீகர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது மூன்றே விஷயம், குதிரையேறுவது, அம்பு விடுவது, உண்மை பேசுவது என்கிறார் அவர். பொய் சொல்வதுதான் அவர்களுக்குப் பெரிய அவமானம், அதற்கடுத்தது கடன்படுவது, ஏனென்றால் கடன்காரன் பொய் சொல்லியாக வேண்டியிருக்கும் என்றும் எழுதியிருக்கிறார். கடன் கொடுத்து அனுபவப்பட்டவன் என்ற முறையில் அந்த வரியை நான் ரசித்தேன்.

கெர்மான்ஷா பக்கம் பெஹிஸ்துன் மலையில் பாரசீகப் பேரரசன் தாரியுஸ் மன்னனின் கல்வெட்டு இருக்கிறது. மூன்று மொழிகளில் செதுக்கியது, கி.மு. 520 வாக்கில். கீழே சாலையிலிருந்து ஒரு எழுத்தும் தெரியாது, அவ்வளவு உயரம். கழுத்தில் கயிறு கட்டிய கலகக்காரர்கள் வரிசையாக நிற்க, ஒவ்வொருவரையும் "இவன் பொய் சொன்னான்" என்று கல்வெட்டு சொல்கிறது. நாட்டில் பொய் பெருகிவிட்டது, நான் வந்து அடக்கினேன் என்பதுதான் மன்னனின் வாதம். வேடிக்கை என்னவென்றால், மன்னன் வேஷம் போட்ட பொய்யன் என்று சொல்லி தாரியுஸ் கொன்ற ஆள் உண்மையான இளவரசனாகவே இருந்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சந்தேகப்படுகிறார்கள். எது பொய் என்று கல்லில் வெட்டும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது அப்போதே பிரச்சினைதான்.

சரி, என் தொழிலிலிருந்தே சொல்கிறேன், அதுதான் எனக்குச் சுலபம். 2018 ஏப்ரலில் ரியால் மளமளவென்று சரிந்தபோது, ஒரு டாலர் 4,200 தோமான் (ஒரு தோமான் என்றால் பத்து ரியால்), இனி எல்லாவற்றுக்கும் இந்த ஒரே விலைதான், வேறு விலைக்கு விற்பது குற்றம் என்று அரசு அறிவித்தது. ஃபெர்தோசி சாலையில் நாணய மாற்றுக் கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே போய்க் கேட்டால் டாலர் இல்லை என்றார்கள். கடைக்கு வெளியே, நடைபாதையில், வாயைத் திறக்காமல் "டாலர், டாலர்" என்று முனகிக்கொண்டு போகிறவரிடம் இருந்தது. அந்த செப்டம்பரில் பஜார் விலை அரசு விலையைப் போல நான்கு மடங்கைத் தாண்டியது. மருந்து, கோதுமை, தேயிலை என்று பட்டியலில் இருந்த சரக்குக்கு மட்டும் 4,200-க்கு டாலர் கிடைத்தது. பிறகு பட்டியல் சுருங்கிக்கொண்டே வந்து, 2022 மே மாதத்தில் ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிட்டார்கள்.

இப்போது நீங்கள் ஓர் இறக்குமதியாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 லட்சம் டாலருக்குத் தேயிலை வாங்குகிறேன் என்று எழுதி, 6 லட்சத்துக்கு வாங்கி, மிச்சத்தைத் தெருவில் விற்றால், தேயிலையை விற்காமலேயே நீங்கள் பணக்காரர். நேர்மையாக 6 லட்சம் என்று எழுதுகிறவர், அப்படி எழுதாத பக்கத்துக் கடைக்காரரோடு விலையில் போட்டிபோட முடியாமல் ஒரு வருஷத்தில் கடையைச் சாத்த வேண்டும். ஒரு வாடிக்கையாளர் என்னிடம் தேயிலையின் மாதிரியைக் கேட்பதற்கு முன்னாலேயே கேட்டார்: "ஃபாக்டரில் எவ்வளவு போடுவீர்கள்?" ஃபாக்டர் என்றால் அங்கே பில். வெட்கமோ தயக்கமோ அந்தக் குரலில் இல்லை. ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்று கேட்பது மாதிரிதான் கேட்டார். டெஹ்ரானில் போலி ஃபாக்டர் வாங்க அலைய வேண்டியதில்லை, வெளிப்படையாக விளம்பரம் செய்தே விற்கிறார்கள்.

அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்பதை விடுங்கள். நான் சொல்ல வருவது, அங்கே டாலருக்கு மட்டும் இரண்டு விலை இல்லை. அநேகமாக எல்லா விஷயத்துக்கும் ஓர் அரசு விலை, ஒரு பஜார் விலை. உண்மைக்கும் அப்படித்தான். அரசு கேட்கும் கேள்விக்கு உண்மையான பதில் சொன்னால் வேலை போகும், படிப்பு போகும், சில சமயம் ஆளே போகலாம். பொய் சொன்னால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் கேட்கிறவருக்கே அது பொய் என்று தெரியும். அவருக்குத் தேவை உண்மையல்ல, பதிவேட்டில் எழுத ஒரு பதில்.

அரசு வேலைக்கு அங்கே "கொசினெஷ்" என்று ஒரு சல்லடை உண்டு. மதிப்பெண் எடுத்துவிட்டால் முடியாது, தொழுகை, நோன்பு, நடத்தை எல்லாம் விசாரிப்பார்கள். அக்கம்பக்கத்திலும் வந்து கேட்பார்கள். என்னை மொஹந்தஸ் ஆக்கிய அதே கடைக்காரரிடம், மாடி வீட்டுப் பையனைப் பற்றி விசாரிக்க இரண்டு பேர் வந்தார்களாம். "வெள்ளிக்கிழமைத் தொழுகையில் அவனை முதல் வரிசையில் பார்க்கிறேன் என்று சொன்னேன்" என்றார். அப்படியானால் நீங்களும் வெள்ளிக்கிழமை போவீர்களா என்று கேட்டேன். "நான் ஏன் போகிறேன், வெள்ளிக்கிழமைதான் எனக்கு மலையேற்றம்" என்று தராசைத் துடைத்தார். பையன் தொழுவதில்லை என்று தெருவுக்கே தெரியும். தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். உண்மையைச் சொல்லியிருந்தால் அவரை எல்லோரும் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள்? காட்டிக்கொடுத்தவன். ஒரு பையனின் பிழைப்பைக் கெடுத்தவன். அந்தப் பொய்யில் ஒரு நல்ல மனிதரைத்தான் நான் பார்த்தேன்.

பாரசீகக் கவிஞர் சாஅதி இதை 1258-லேயே எழுதிவிட்டார். அவருடைய குலிஸ்தான் நூலின் முதல் கதையே அதுதான். மரண தண்டனை பெற்ற கைதி தன் மொழியில் மன்னனை வைகிறான், அவன் என்ன சொல்கிறான் என்று மன்னன் கேட்க, கோபத்தை அடக்கி மன்னிப்பவர்களைப் பற்றிய குர்ஆன் வசனத்தை ஓதுகிறான் என்று ஓர் அமைச்சர் மாற்றிச் சொல்கிறார். இன்னொரு அமைச்சர் உண்மையைப் போட்டு உடைக்கிறார். மன்னனோ உன் உண்மையைவிட அவர் பொய்யே எனக்குப் பிடித்தது என்கிறான். நன்மைக்குச் சொல்லும் பொய், வம்பு மூட்டும் உண்மையைவிட மேல். வள்ளுவரும் இதற்குக் கிட்டே வந்தவர்தான். ஈரானில் இந்த வரியை மேற்கோள் காட்டாத மாமனார் கிடையாது. ஆனால் சாஅதியின் கதையில் ஒரு கைதி, ஒரு பொய், ஒரு உயிர். தினமும் காலையில் எழுந்தவுடன் எல்லோரும் கைதி என்றால் என்ன ஆகும் என்று அவர் எழுதவில்லை.

எங்கள் அலுவலகக் கணக்காளரை எல்லோரும் கானும் என்போம், அம்மணி என்கிற மாதிரி. அவர் வீட்டில் ஒரு நாள் சாப்பிடப் போயிருந்தேன். கொர்மே சப்ஸி, அடிபிடித்த சோற்றைத் தங்க நிறத்தில் முறுகவிட்ட தஹ்திக். மகளுக்கு ஏழு வயது, பள்ளியில் சேர்ந்த புதிது. சாப்பாட்டுக்கு முன்னால் அம்மா அவளை உட்கார வைத்துப் பாடம் கேட்டார். கணக்குப் பாடம் முடிந்ததும் அதே குரலில் தொடர்ந்தார்.

"டீச்சர் கேட்டால், வீட்டில் மாஹ்வாரே இருக்கிறதா?" மாஹ்வாரே என்றால் டிஷ்.

"இல்லை."

"சாயங்காலம் என்ன பார்ப்பீர்கள்?"

"கார்ட்டூன்."

"எந்தச் சேனல்?"

குழந்தை ஒரு கணம் யோசித்துவிட்டு, "பூயா" என்றாள். அரசுத் தொலைக்காட்சியின் குழந்தைகள் சேனல். சரியான பதில், அம்மா கன்னத்தில் முத்தம் வைத்தார். அதே நேரம் அப்பா பால்கனியில் தார்ப்பாய்க்குக் கீழே மாஹ்வாரே தட்டைத் துருக்கித் தொடருக்காகத் திருப்பிக்கொண்டிருந்தார். வீட்டில் டிஷ் வைத்திருப்பது 1990-களின் நடுவிலிருந்து சட்டப்படி குற்றம். டெஹ்ரான் மொட்டை மாடிகளை மேலிருந்து பார்த்தால் அந்தச் சட்டத்தின் கதி தெரியும். "எனக்கு என் அம்மா இதே பாடத்தை நடத்தினார், அப்போது வீடியோ" என்றார் கானும். வீடியோ பிளேயர் தடை செய்யப்பட்டிருந்த எண்பதுகளில், உங்கள் அப்பா என்ன பாட்டு கேட்பார், விருந்தில் என்ன குடிப்பார் என்று வகுப்பில் கேட்பார்களாம்.

சில வாரம் கழித்து கானும் என்னிடம் புலம்பினார். மகள் வீட்டுப்பாடத்தைத் தொடவே இல்லை, முடித்துவிட்டேன் என்று கண்ணைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். "முகத்தில் ஒரு மாற்றம் இல்லை" என்றார். அந்த முகத்தைப் பழக்கியது யார் என்று நான் கேட்கவில்லை. அவரே, "தெரியும், தெரியும்" என்று கையை ஆட்டினார்.

கேட்கிறவர்களும் இதே விளையாட்டில்தான் இருக்கிறார்கள் என்பது இன்னும் வேடிக்கை. ட்விட்டர் 2009-லிருந்து அங்கே தடை. உச்சத் தலைவரின் அலுவலகம், வெளியுறவு அமைச்சர்கள் என்று எல்லோருக்கும் அதில் கணக்கு. தடையைத் தாண்ட உதவும் ஃபில்டர்ஷெகான், அதாவது விபிஎன், இல்லாத போனை டெஹ்ரானில் நான் பார்த்ததாக நினைவில்லை. 2008-ல் உள்துறை அமைச்சரான அலி கோர்தான், ஆக்ஸ்ஃபோர்ட் கௌரவ டாக்டர் பட்டச் சான்றிதழ் ஒன்றைக் காட்டினார். அதில் எழுத்துப் பிழை. அப்படி ஒரு பட்டமே தரவில்லை என்று ஆக்ஸ்ஃபோர்ட் அறிக்கை விட்டது. நவம்பரில் நாடாளுமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அதிபர் அஹ்மதிநெஜாத் கடைசி வரை அவர் பக்கம் நின்று, பட்டங்களைக் கிழிந்த காகிதம் என்றார். டெஹ்ரான் பல்கலைக்கழகத்துக்கு எதிரே எங்கெலாப் தெருவில் ஆய்வேடு எழுதித் தருகிறோம் என்று அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களிடம் கேட்டிருந்தால் பிழையில்லாமலாவது செய்து தந்திருப்பார்கள்.

அரசை ஏமாற்றுவது தற்காப்பு, அதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. ஆனால் கற்ற கையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் வர முடிவதில்லை. எனக்குப் பெரிதாகப் பட்டது இந்த இடம்தான். மெஹ்ரியேயை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்குத் தர ஒப்புக்கொள்ளும் தங்க நாணயக் கணக்கு. ஈரான் நாட்காட்டிப்படி பெண் பிறந்த வருஷம் 1365 என்றால் 1365 நாணயம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. மாப்பிள்ளையின் மாதச் சம்பளத்தில் ஒன்றிரண்டு நாணயம் வாங்குவதே பெரிய பாடு. எழுதும்போது இரண்டு வீட்டாரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்: "யார் கொடுத்தார்கள், யார் வாங்கினார்கள்!" நடக்காது என்று தெரிந்தே எல்லோரும் கையெழுத்துப் போடுகிற ஒப்பந்தம். பிறகு மணமுறிவு வருகிறது, அவள் கேட்கிறாள். விவாகரத்து உரிமை பெரும்பாலும் கணவன் கையில் இருக்கும் சட்டத்தில் அவளுக்கு இருக்கும் ஒரே பிடி அந்தக் காகிதம்தான். கொடுக்க முடியாமல் ஆண்கள் உண்மையிலேயே சிறைக்குப் போனார்கள். கூட்டம் தாங்காமல், 110 நாணயத்துக்கு மேல் உள்ள தொகைக்குச் சிறை கிடையாது என்று 2013-ல் சட்டம் போட வேண்டியிருந்தது. விளையாட்டாக எழுதிய எண்ணை ஒருவர் நிஜமாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதில் சந்தோஷப்படுகிற ஒரு கூட்டமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். எல்லாப் பழியையும் ஆட்சி மேல் போடும் நண்பர்களோடு எனக்கு இங்கேதான் சண்டை வரும். வரிசையைத் தாண்டி ரொட்டி வாங்குகிறவன், கூட்டாளியை ஏமாற்றி ஃப்ளாட் வாங்கியவன், இவர்களை "ஸெரங்" என்பார்கள், கெட்டிக்காரன். அந்தப் பாராட்டை எந்த முல்லாவும் சட்டம் போட்டுச் சொல்ல வைக்கவில்லை. நேர்மையாக ஏமாந்தவருக்குக் கிடைப்பது அனுதாபம்கூட இல்லை, "ஸாதே", வெகுளி. என் நண்பர் ஒருவர் வாங்கிய பழைய பெஜோ காரின் கிலோமீட்டர் எண்ணைத் திருத்தியிருந்தார்கள். அதை விற்றவர் அவருடைய சொந்தச் சித்தப்பா.

ஆனாலும் பொய்யால் மிகவும் களைத்துப்போனவர்களை நான் பார்த்ததும் அங்கேதான். 2020 ஜனவரி 8-ம் தேதி டெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் விமானம் விழுந்து 176 பேர் இறந்தார்கள். மூன்று நாள் இயந்திரக் கோளாறு என்று சாதித்துவிட்டு, 11-ம் தேதி எங்கள் ஏவுகணைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். நான் அப்போது குன்னூரில் இருந்தேன். கானும் அனுப்பிய குரல் செய்தியில் அழுகையைவிட அவமானம் அதிகம் இருந்தது. அரசுத் தொலைக்காட்சியில் வேலை பார்த்த ஒரு பெண், 13 வருஷம் உங்களிடம் பொய் சொன்னதற்கு மன்னியுங்கள் என்று இன்ஸ்டாகிராமில் எழுதினார். பொய்யைச் சகித்துக்கொள்வதற்கும் ஒரு விலை வரம்பு இருக்கிறது போலிருக்கிறது, அந்த வாரம் அது தாண்டியது.

2022 செப்டம்பருக்குப் பிறகு இன்னொன்று மாறியது. ஹிஜாப் சரியில்லை என்று போலீஸ் பிடித்துப்போன மஹ்சா அமினி என்ற இளம்பெண் காவலில் இறந்த பிறகு, டெஹ்ரானில் ஏராளமான பெண்கள் தலையில் துணி போடுவதை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்னால் பாதித் தலையில் தொங்கும் ரூசரி, அதாவது தலைத்துணி, ஒரு சமரசமாக இருந்தது, போட்டிருக்கிறேன் என்று இவளும், போட்டிருக்கிறாள் என்று அவர்களும் சொல்லிக்கொள்ள வசதியாக. கடுமையான புதிய ஹிஜாப் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியும், 2024 டிசம்பரில் அதை அமலுக்குக் கொண்டுவராமல் நிறுத்தி வைத்தார்கள்.

பூயா என்று பதில் சொன்ன பெண் இப்போது இருபதைத் தொட்டுவிட்டாள். பையில்கூட ரூசரி வைத்துக்கொள்வதில்லையாம். அம்மாதான் ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போகிறார். போன மாதம் வீடியோ அழைப்பில் பேசினாள். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறாள், அதற்கும் கொசினெஷ் உண்டு. தொழுகை பற்றிக் கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். "அதெல்லாம் மனப்பாடம், அமூ" என்று சிரித்தாள். அமூ என்றால் சித்தப்பா, பெரியப்பா. அந்தக் கேள்விகளையும் பதில்களையும் இணையத்தில் பிடிஎஃப் ஆக விற்கிறார்களாம், விலை கொஞ்சம்தான். நேர்காணலுக்கு மட்டும் அம்மாவின் கறுப்புச் சாதரை, உடல் முழுக்க மூடும் அந்த அங்கியை, கடன் வாங்கிக்கொள்ளப் போகிறாள்.